மருமகள் முன்னால் சொல்லாத பதில்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு தர்மிளாவால் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. கடை வாசலிலேயே யாராவது மறித்து, "பிள்ளை, இந்தக் கையைத் தூக்க ஏலாமல் கிடக்கு" என்று தோளைக் காட்டுவார்கள். அவளும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தோளைத் திருப்பிப் பார்ப்பாள், இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்று நன்றாக ஏசிவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் அதே வாய், "உதயன்ரை மகள், மசாஜ் செய்யிறவள்" என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லும். ஐந்து வருடப் படிப்பு, அதற்குமேல் முள்ளந்தண்டுக்கும் மூட்டுகளுக்கும் தனியாக இரண்டு வருடப் பயிற்சி. எல்லாம் சேர்ந்து கடைசியில் மசாஜ்! கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் வேலை செய்வது ஓர் அரசு வைத்தியசாலையில். இயன்மருத்துவர், பிரெஞ்சில் கினே. அவசரப் பிரிவுக்கு இடுப்பு வலி, கணுக்கால் சுளுக்கு என்று வருபவர்களை டாக்டருக்கு முன்னால் அவளே பார்க்கலாம் என்று எழுத்தில் அனுமதி உண்டு. அந்த அனுமதியை அவள் மதித்த அளவுக்கு அங்கிருந்த டாக்டர்மார் மதித்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தில்லையம்பலம் வந்தார். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஓர் உணவகத்தில் சமையல், வயது ஐம்பத்தெட்டு. இடுப்பிலிருந்து இரண்டு காலுக்கும் வலி இறங்க, மருமகள் ஆன்-சோஃபியின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தார். ஆன்-சோஃபி புதுச்சேரிக் குடும்பத்துப் பெண், நகரசபையில் வேலை. முதல்நாளும் அவள்தான் கூட்டி வந்து, டாக்டர் கேட்டதையெல்லாம் மொழிபெயர்த்திருக்கிறாள். வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

தர்மிளா முதல்நாள் கோப்பைப் பார்த்தாள். சிறுநீர் கழிப்பதில் சிரமம்: இல்லை. உட்காரும் இடத்தில் உணர்வின்மை: இல்லை. சுத்தமான இரண்டு இல்லைகள். ஆனால் எதிரே இருந்த மனிதர், குடிக்கப் பயந்தவர்போல, தண்ணீர்க் குவளையைத் தொடவில்லை. இரண்டு பாதத்திலும் பலம் குறைந்திருந்தது. முள்ளந்தண்டின் அடியில் நரம்புக்கற்றை நெரிபட்டால் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து அந்த அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மிச்சக் காலம் முழுவதும் குழாயும் பையுமாகத்தான் மனிதர் திரிய வேண்டும்.

"ஐயா, சலம் ஒழுங்காப் போகுதோ?"

"அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"நேத்தும் இதைத்தான் கேட்டாங்க அக்கா. மாமா நல்லா இருக்குன்னாங்க" என்றாள் ஆன்-சோஃபி.

தர்மிளாவுக்கு உறைத்தது. மருமகளைக் கேள்வி கேட்க வைத்து, மாமனாரைப் பதில் சொல்ல வைத்திருக்கிறார்கள். எந்த யாழ்ப்பாணத்து மாமன் சொல்லுவான்? ஆன்-சோஃபியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

இனிச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். தில்லையம்பலமோ வேறு விசாரணை தொடங்கினார்.

"நீர் ஆற்றை மகள்?"

"கார்ஜிலை இருக்கிற உதயன்ரை."

"உதயன்ரையோ! நானும் கொப்பரும் ஒரே இடத்திலை கோப்பை கழுவினனாங்கள். உம்மைச் சின்னனிலை தூக்கி வைச்சிருக்கிறன்."

போச்சு. இருந்த கொஞ்ச வழியும் அடைபட்டது. தூக்கி வைத்திருந்த குழந்தையிடம் போய் எந்த மனிதர் அதைச் சொல்லுவார்? அவளுக்குக் கோபம் வந்தது. அவர் மீது கொஞ்சம், தன் ஊர்மீது நிறைய.

"ஐயா, நான் இஞ்சை ஆற்றையும் மகள் இல்லை. நான் கினே. வெட்கப்பட்டியள் எண்டால் உங்கடை கால் போகும், சலம் போறதும் போகும். நேற்றிலிருந்து போனதோ, போகேல்லையோ?"

அவர் வேட்டியில்லாத குறைக்குக் காற்சட்டை முழங்காலைப் பிசைந்தார். கண் கலங்கியது.

"நேற்று விடியத் தொடக்கம் போகேல்லை, பிள்ளை. இருக்கிற இடம் விறைச்சுப் போய்க் கிடக்கு. கதிரையிலை இருக்கிறனோ எண்டே தெரியேல்லை."

தாதி வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தாள். சிறுநீர்ப்பையில் எண்ணூற்றைம்பது மில்லிலீட்டர் தேங்கி நின்றது. தர்மிளா அன்றைய பொறுப்பு டாக்டர் கிரிகோரியைத் தொலைபேசியில் அழைத்து, முள்ளந்தண்டை உடனே எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டும் என்றாள்.

"அந்த வயதில் புரொஸ்டேட் இருக்கும்" என்றார் அவர். "நேற்றைய கோப்பில் இல்லை என்று இருக்கிறதே. எம்.ஆர்.ஐ. நாளைக்குப் பார்க்கலாம்."

"புரொஸ்டேட் வந்தால் பிட்டம் விறைக்காது."

"மதாம், நீங்கள் கினே."

"ஆமாம். கேட்டேன், மறுத்தீர்கள் என்று நேரமும் போட்டுக் கோப்பில் எழுதப் போகிறேன். உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

நாலு நிமிடத்தில் கிரிகோரி கீழே வந்தார், முகம் சிவந்து. தில்லையம்பலத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஊசி நுனியால் அங்கே தொட்டார். இன்னொரு இடத்தில் தொட்டார். மூன்றாவது இடத்திலும் தொட்டார்.

"பிள்ளை, டொக்டர் எப்ப தொடங்கப் போறாராம்?" என்று கேட்டார் தில்லையம்பலம்.

தர்மிளா அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். கிரிகோரி ஊசியை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். உடனே படம் எடுத்தார்கள், மாலை ஆறு மணிக்குச் சத்திரசிகிச்சை தொடங்கியது.

வெளியே ஆன்-சோஃபி விம்மிக்கொண்டிருந்தாள். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேனாக்கா?"

"நீர் சரியாத்தான் சொன்னீர். உம்மைக் கேக்க வைச்சதுதான் பிழை."

மூன்று கிழமையில் தில்லையம்பலத்துக்குச் சிறுநீர் தானாகப் போகத் தொடங்கியது. இடது பாதம் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. ஒரு நாள் முந்தியிருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்பதைத் தர்மிளா யாரிடமும் மறைக்கவில்லை.

பிரிவுக் கூட்டத்தில் தலைவி ஆன்ஜெலிக் புன்னகையோடு சொன்னார்: "நல்லவேளை, நம்மிடம் ஒரு தமிழர் இருந்தார்."

"நான் தமிழச்சி என்பதால்தான் அவர் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார்" என்றாள் தர்மிளா. "குடும்பத்தவரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், அழையுங்கள்."

நேரமில்லை என்றார்கள். பார்ப்போம் என்றார்கள். தர்மிளா அன்று தொடக்கம் தன் கைக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும், மகனோ மருமகளோ மொழிபெயர்த்த இடமாகப் பார்த்து, அந்த 'இல்லை'க்குக் கீழே சிவப்பு மையில் 'கேட்கப்படவில்லை' என்று எழுதி, கையொப்பமும் வைக்கத் தொடங்கினாள். தமிழர் கோப்பு மட்டுமில்லை, மாலி நாட்டுக்காரர், வங்காளிகள், எல்லாருடையதும்.

ஒரு மாதத்தில் ஆன்ஜெலிக் கூப்பிட்டார். மேசையில் அறுபத்திரண்டு கோப்புகள்.

"மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், தர்மிளா. இது நம் பிரிவுக்கே அசிங்கம். நிறுத்துங்கள்."

தர்மிளா மேலே இருந்த கோப்பை எடுத்துப் பிரித்தாள். முழங்கால் வலி என்று வந்த ஒரு தாய். பதில்களை மொழிபெயர்த்தவர், ஒன்பது வயது மகன்.

"நோயாளியிடம் நீங்கள் ஒழுங்காகக் கேளுங்கள், நான் நிறுத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு, பேனா மூடியைக் கழற்றினாள்.