உள்ளேயிருந்து திறக்காத கேமரா

அம்மா தஞ்சாவூரில் இருக்கிறாள். பேரன் பிறந்து இரண்டு மாதமாகியும் அவனை வீடியோ காலில் மட்டும்தான் பார்த்திருந்தாள். அவள் கூப்பிடும்போதெல்லாம் ஒன்று பால் குடித்துக்கொண்டிருப்பான், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பான். "தூங்குறதையாவது காட்டேன்ப்பா, நான் பாட்டுக்குப் பார்த்துட்டு இருக்கேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் கேமரா வாங்கிவந்து, எங்கள் புக்கிட் பாத்தோக் வாடகை வீட்டின் ஹாலில், பிள்ளை தூங்கும் சாரோங் தூளிக்கு எதிரே மாட்டினேன். என் பிள்ளையின் படம் எவனோ ஒருவனுடைய சர்வர் வழியாகப் போவதா என்று, அதோடு வந்த செயலியை ஒதுக்கிவிட்டேன். கணினித் துறையில் வேலை பார்க்கிற திமிர். ரவுட்டரில் போர்ட் என்கிற ஒரு வாசலைத் திறந்துவிட்டால் வெளியிலிருந்து வருகிறவர்கள் நேரே கேமராவுக்குப் போய்விடலாம். லிங்க்கை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவ்வப்போது அமுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

அம்மாவுக்குப் படம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை முழுக்க, வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் ரவுட்டரோடு மல்லுக்கட்டினேன். ரவுட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் அது கேமராவுக்கு வேறு முகவரி கொடுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, ஒரே முகவரியை நிலையாகக் கொடுத்தேன். வீட்டு வைஃபையில் இருந்த என் போனில் லிங்க்கைத் திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"விடுங்களேன், அத்தைக்கு நானே கால் பண்ணிக் காட்டுறேன்" என்றாள் மனைவி.

"தினம் தினம் உயிரை வாங்குறாங்க. நல்லவேளை, வீட்டு ஓனர் ஆள் தங்க விடமாட்டார்னு பொய் சொல்லி அம்மாவை வர விடாமப் பண்ணேன். இங்க வந்திருந்தா இதே ரோதனைதான்!"

ஓனர் அப்படி எதுவும் சொன்னதில்லை. உன் அம்மா எப்போது வருகிறார் என்று என்னிடம் விசாரித்தவர் அந்தச் சீனப் பெரியவர்.

போன் அடித்தது. அம்மாதான்.

"சத்தம் போடாதப்பா. பிள்ளை நெளியுறான், முழிச்சுக்கப் போறான்."

திரும்பிப் பார்த்தேன். தூளி லேசாக அசைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் இருந்துகொண்டு தன் வெளி முகவரியைத் தட்டினால் திறக்காத ரவுட்டர்கள் உண்டு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் வழிவிடும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கேமராவில் சத்தமும் கேட்கும் என்று அம்மாவிடம் பெருமையடித்தவனும் நான்தான். அவமானத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "தெரியுதாம்மா?" என்று மட்டும் கேட்டேன். "நல்லாத் தெரியுதுப்பா" என்றாள். மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"ஓனர் ஒத்துக்கிட்டாரும்மா. டிக்கெட் போடட்டுமா?"



"வேண்டாம்ப்பா. பாவம், அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"