வேன் அக்காவின் கை

வேன் அக்காவுக்கு யோசனை வருவதற்கு முன்னால் கை ஓடிவிடும். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவளுக்கு. படியில் எந்த வாண்டு தடுக்கினாலும், அது தரையைத் தொடுவதற்குள் அதன் சட்டைக் காலர் அவள் பிடியில் இருக்கும். "இவளுக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு" என்பார் டிரைவர். முதுகில் கண்ணும் கிடையாது, மண்ணும் கிடையாது. வலிப்பு வரும் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பழக்கம் தானாக வந்துவிடும், அவ்வளவுதான்.

மகளுக்குச் சின்ன வயதிலேயே தொடங்கிய வியாதி அது. இப்போது கல்யாண வயது. முதலில் இடது கை விரல்கள் மட்டும் மாவு உருட்டுவதுபோல் அசையும். பார்வை எங்கோ நிலைகுத்தும். உடனே அக்கா அந்த உள்ளங்கையில் கட்டைவிரலை அழுத்தி, "கண்ணு, இங்க பாரு, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று காதோரம் கத்துவாள். பல தடவை அதிலேயே திரும்பிவிடும். சில தடவை திரும்பாமல் உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும்.

"நீ கூப்பிடுறது கிணத்துக்கு மேல நின்னு கூப்பிடுற மாதிரி கேக்கும்மா. அதப் பிடிச்சுக்கிட்டுதான் ஏறி வருவேன்" என்று மகள் ஒருமுறை சொன்னாள்.

குளியலறைக் கதவைத் தாழிட முடியாது, அடுப்புப் பக்கம் நிற்க முடியாது. துணிக்கடையில் கிடைத்த வேலையும், கண்ணாடி மேஜைமேல் விழுந்த அன்றோடு போய்விட்டது. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு நம்பிக்கை விட்டே போயிருந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் இடம் கிடைத்தது.

"மூளையில எந்த இடத்துல இது கிளம்புதுன்னு தெரிஞ்சா, அங்க ஒரு சின்னக் கருவி வைக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "அலை கிளம்புறப்பவே கண்டுபிடிச்சு, லேசா கரண்ட் கொடுத்து அமுக்கிடும். நீங்க கையில பண்றத அது உள்ள இருந்து பண்ணும். ஆனா இடம் தெரியணும்னா வலிப்பு வரணும். கேமரா முன்னாடி, முழுசா வரணும்."

மாத்திரையைக் குறைத்தார்கள். மகளின் தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டினார் கம்பிக்காரர். மூளை அலைகளைப் பதிவுசெய்யும் அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. "உங்க தலையில ஒட்டுறது எவ்வளவு சுலபம்!" என்று மகள் சீண்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே பசை தடவினார்.

வலிப்புதான் வரவில்லை. விழித்திருக்க வைத்தார்கள், கண்ணில் விளக்கை மின்னவிட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருஷம் வராதே என்று மன்றாடிய அக்கா இப்போது வா என்று மன்றாடினாள். "வேண்டாங்கறப்ப வீடு தேடி வருவே. வேணுங்கறப்ப எங்க போய்த் தொலைஞ்ச, சனியனே?" என்று வியாதியைத் திட்டினாள். திட்டிவிட்டு, பெற்ற பிள்ளைக்கு வலிப்பு வரச்சொல்லிக் கேட்கும் தன்னையும் திட்டிக்கொண்டாள்.

ஒரு காலை, டீ குடித்துக்கொண்டிருந்த மகளின் விரல்கள் மாவு உருட்டத் தொடங்கின. அக்காவுக்கு அதன்பின் நடந்தது எதுவும் நினைவில்லை. கம்பிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தபோது டம்ளர் தரையில் கிடந்தது. அவள் மகள்மேல் கவிழ்ந்து உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தாள். மகள் தெளிந்து விழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! அலை அருமையா ஏறி வந்துச்சு. நீங்க விழுந்ததுல கம்பியெல்லாம் பிடுங்கிக்கிச்சு. கேமராவுல உங்க முதுகுதான் தெரியுது." அவருக்கே அழுகை வரும்போல் இருந்தது.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "நாளைக்குச் சாயங்காலம் கட்டிலக் காலி பண்ணணும்மா. ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறதும் முடியப்போகுது. திரும்ப இடம் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா தன் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். "அம்மா இல்லன்னா நான் இருக்க மாட்டேன்" என்று மகள் அடம்பிடித்தாள். கடைசியில், அக்கா உள்ளேயே இருக்கலாம், வலிப்பு வந்தால் அழைப்புப் பொத்தானை அழுத்தி, போர்வையை விலக்கிவிட்டு, சுவரோரம் போய்விட வேண்டும் என்று முடிவானது. தொடக்கூடாது. கூப்பிடவும் கூடாது.

மறுநாள் முழுக்க அக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தபோது விரல்கள் அசைந்தன.

பொத்தானை அழுத்தினாள். போர்வையை இழுத்தாள். பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றாள். மகளின் வலது கை கட்டிலோரம் தடவித் தடவி, அம்மா வழக்கமாக உட்காரும் நாற்காலியைத் தேடிப் பிடித்தது. நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் கை அப்படியே விறைத்தது. பிறகு உடம்பு வெட்டத் தொடங்கியது. அக்கா சத்தம் வராமலிருக்கத் தன் கையைக் கடித்துக்கொண்டாள். நர்ஸ்கள் ஓடிவந்து மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்ததை, பெற்றவள் பக்கத்துவீட்டுக்காரி மாதிரி தள்ளி நின்று பார்த்தாள்.

"கிடைச்சிருச்சும்மா! சுத்தமாக் கிடைச்சிருச்சு" என்று வந்தார் கம்பிக்காரர். கருவி வைக்கத் தோதான இடம்தானா என்பதைப் பெரிய டாக்டர்கள் கூடிப் பேசித்தான் சொல்வார்களாம்.

கட்டிலைக் காலிசெய்யும் நேரத்தில் மகள் கண் திறந்தாள். கடிபட்ட நாக்கு தடித்திருந்தது.

"உன் கையத் தேடுனேம்மா. எங்க போயிருந்த?"

"எங்கயும் போகல கண்ணு. இங்கதான் நின்னேன்."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

காரணம் மகளுக்கும் முன்னமே தெரியும். எல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் கேட்டாள். அக்கா அவள் உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். இப்போது அழுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும், விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.