கராஜில் யாரும் இல்லை

வெளிநாட்டுக்குப் படிக்க வந்த காலத்தில் நான் தங்கியிருந்தது பரமட்டா பக்கம் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கராஜில். நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் நானும் ஒரு திருச்சிப் பெண்ணும், அந்தப் பக்கம் இன்னும் மூன்று மாணவிகள். ஜன்னல் கிடையாது. குளிர்காலத்தில் எங்கள் மூச்சே சுவரில் நீராக வழியும். கிச்சனும் பாத்ரூமும் வீட்டுக்காரர்களோடு பொது.

வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தவர். "நீங்களும் என்ர பிள்ளையள்தான்" என்பார். நம்பினேன்.

அவருடைய இரண்டு பிள்ளைகளோடு தம்பியும் அங்கேதான் இருந்தார். மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தவரை ஒருநாள் ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது.

"நிமோனியா, பிள்ளை. பயப்படாதேங்கோ" என்றார் அன்ரி.

அடுத்த வாரம், நகரசபை கவுன்சில் ஆட்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார். கராஜில் ஆள் வைப்பது சட்டப்படி தப்பு; எங்களைக் கண்டால் வெளியேற்றிவிடுவார்களாம். மெத்தைகளைச் சுருட்டிப் பழைய சாமான்களுக்குப் பின்னால் நாங்களே ஒளித்தோம். புட்டும் சம்பலும் கட்டித் தந்து, "பின்னேரம் வாங்கோ" என்று அனுப்பினார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்படி ஒருத்தர் கிடைத்தாரே என்று நெகிழ்ந்துகூடப் போனேன்.

மறுவருடம் எனக்கு இருமல் வந்தது. உடம்பு இளைத்தது. சளியில் ரத்தம் கண்டபிறகே டாக்டரிடம் போனேன். டிபி. என்னோடு இருப்பவர்களைப் பரிசோதிக்கச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த அன்ரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"போன தடவை நான் வந்தபோது, கராஜில் யாரும் இல்லை என்றீர்களே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தம்பிக்கு வந்தது நிமோனியா இல்லை, அன்றைக்கு வந்தது கவுன்சிலும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நர்ஸ் போனபின் கேட்டேன். "உங்க பசங்களுக்கு அப்பவே டெஸ்ட் பண்ணீங்களா, அன்ரி?"

"ஓம். அதுகள் சின்னப் பிள்ளையள்."

"அப்ப நாங்க?"

"சொல்லியிருந்தா வீட்டை மூடியிருப்பாங்கள். நீங்களும்தானே ரோட்டில நிண்டிருப்பியள்?"

எங்கள் நன்மைக்காகச் செய்ததுபோலவே சொன்னார். யாரையும் வெளியேற்றுவது தங்கள் வேலை இல்லை என்று நர்ஸ் எங்களிடம் பிறகு சொன்னார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எங்களையும் அப்போதே பரிசோதித்திருப்பார்கள்.

நீண்ட நாள் மாத்திரைக்குப் பிறகு தேறினேன். திருச்சிப் பெண்ணுக்கும் தொற்று இருந்தது, ஆனால் நோயாக மாறவில்லை. அவளும் மாத்திரை சாப்பிட்டாள். இருவரும் பக்கத்திலுள்ள வெஸ்ட்மீட்டில் ஜன்னல் உள்ள ஒரு அறைக்குப் போய்விட்டோம்.

போன மாதம் ஒரு தமிழ்க் கடையில் அன்ரி எதிரே வந்தார். என் கன்னத்தைத் தொட்டு, "மெலிஞ்சு போனியள், பிள்ளை. ஒழுங்காச் சாப்பிடுறனியளோ?" என்றார். அந்தக் குரலில் இருந்தது நிஜமான அக்கறை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.