தீபத்தன்று விளக்கு வைக்காதவனுக்கு நான்கு மதிப்பெண்

என் துக்கத்தை அளக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் மகள் சென்னையிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். ஏற்பாடே அவளுடையதுதான். வேங்கிக்கால் வீட்டைப் பூட்டி என்னைத் தன்னோடு கூட்டிப்போக வேண்டும் என்று, என் மனைவியின் காரியம் முடிந்த அன்றே முடிவு செய்திருந்தாள். எட்டு மாதமாக நான் மறுத்துவந்தேன். கடைசியில் ஒரு பந்தயம்: மதிப்பெண் இருபதைத் தாண்டினால் நான் பெட்டி கட்ட வேண்டும். தாண்டாவிட்டால் அவள் வாயைத் திறக்கக் கூடாது.

அளக்க வந்தது, ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பேராசிரியரிடம் வேலை செய்யும் பெண். அவருடைய ஆராய்ச்சி நடக்கும் ஐந்து நாடுகளுக்கும் ஒரே கேள்வித்தாள். துணையை இழந்தவர் குளிக்கிறாரா, சமைக்கிறாரா, தெருவில் இறங்குகிறாரா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை போடுவார்களாம். நான்கு என்றால் ஆள் எதற்கும் ஆகமாட்டார்.

"சமையல் யாருங்க சார்?"

"நான்தான்."

"வாய்ல வைக்க முடியாது," என்றாள் மகள்.

"அதுக்குத் தாள்ல கேள்வி இருக்கா?"

"நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா."

கோயிலுக்குப் போவது குறைந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. குறையவில்லை, நின்றே போய்விட்டது என்றேன். நான்கு போட்டாள். தீபத்துக்கு விளக்கு வைத்தேனா? இல்லை. நான்கு. கல்யாணம், காதுகுத்து? போகவில்லை. இன்னொரு நான்கு. மகள் தலையைக் குனிந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு எந்த ஊரு?"

"போளூர் சார்."

"உங்க வீட்ல சாவு விழுந்தா, வருஷம் திரும்பறதுக்குள்ள கோயிலுக்குப் போவீங்களா?"

"போக மாட்டோம் சார்."

"அப்போ போகாதவனுக்கு எதுக்கு நாலு? போனாதான் புத்தி கெட்டுப்போச்சுனு அர்த்தம்."

"ஃபார்ம்ல அப்படித்தான் சார் இருக்கு."

"அப்போ ஃபார்ம் தப்பு. 'ஊர் வழக்கம், இந்தக் கேள்வி பொருந்தாது'னு ஓரத்துல எழுது."

அவள் பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் என்னைக் கெட்டிக்காரன் என்று பாராட்டினாராம். அந்தப் பாராட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு மதிப்பெண் அடிபட்டது. எனக்கு அது போதும்.

கடைசியாக முகவரிக்கு ஒரு சான்று கேட்டாள். நான் எழுவதற்குள் மகள் அலமாரியிலிருந்த ஃபைலைப் பிரித்து ரேஷன் கார்டை உருவினாள். கார்டில் குடும்பத் தலைவியாக என் மனைவியின் படம். கார்டோடு ஒரு காகிதமும் வந்தது. குடும்பத் தலைவர் மாற்றத்துக்கும் பெயர் நீக்கத்துக்குமான விண்ணப்பம். எல்லாக் கட்டங்களும் நிரப்பி, இறப்புச் சான்றின் நகல் இணைத்திருந்தது. கையெழுத்து போடும் இடம் மட்டும் காலி.

"எப்போ எழுதினது?" என்றாள் மகள்.

"காரியம் முடிஞ்ச மறுநாள்."

முப்பது வருஷம் வழங்கல் அலுவலகத்தில் உட்கார்ந்தவன் நான். செத்தவர் பெயரை எடுக்காமல் கார்டை நீட்டுகிறவர்களிடம், "சுடுகாட்டுக்கு யாருய்யா அரிசி எடுத்துனு போறது?" என்று கேட்டிருக்கிறேன். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டதும் அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். திமிர் என்று நினைத்தேன்.

மகள் பேனாவை நீட்டினாள். "கையெழுத்து போடுப்பா. இவ்ளோ நாளா அம்மாவுக்கும் சேத்தா வாங்கினு இருக்க?"

"அதை உள்ள வை."

"உன் ஆபீஸ்ல வேற எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா..."

"உள்ள வைன்னு சொன்னேன்."

அந்தப் பெண் தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். "இதை எங்க குறிக்கிறதுனு தெரியல சார். இதுக்குக் கேள்வி இல்ல."

"இல்லாத கேள்விக்கு மார்க் கிடையாது. கூட்டு."

பதினொன்று. தேறிவிட்டேன்.

மறுநாள் காலை மகள் பஸ் ஏறினாள். "ஜெயிச்சிட்ட இல்ல, இரு," என்றாள். அடுத்த மாதம் ரேஷன் கடை திறந்த முதல் நாளே போய், இரண்டு பேருக்கும் அரிசி வாங்கிவந்தேன்.