சிவந்திருந்த பொத்தான்

அப்பாவை மண்டோராக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிளம்பியபோது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பாடாங் செராயிலிருந்து உள்ளே தள்ளியிருந்த செம்பனைத் தோட்டம் அது. நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, நாளெல்லாம் அண்ணாந்து நின்று குலை வெட்டுகிற வேலை அப்பாவுக்கு. வலது தோள் அப்போதே முனக ஆரம்பித்திருந்தது. மண்டோரானால் கழியைத் தூக்க வேண்டாம். ஆட்களை மேற்பார்த்து, யார் எத்தனை குலை வெட்டினார்கள் என்று பதிந்தால் போதும்.

சிக்கல் அந்தப் பதிவில்தான் இருந்தது. தோட்டத்து ஆபீசில் அதற்கென்று தொடுதிரை போன் கொண்டுவந்திருந்தார்கள். “சுசாவே இல்ல அண்ணே, என்னா கஷ்டம், தொட்டா முடிஞ்சிச்சு லா” என்றார் அங்கே கணக்கெழுதும் இளவயதுக் கிராணி. அப்பாவிடம் இருந்ததோ பேசுவதற்கும் டார்ச் அடிப்பதற்கும் மட்டுமான பழைய போன்.

என்னிடம் மாமா வாங்கித் தந்த டேப்லெட் இருந்தது. அதில் ஒரு பண்ணை விளையாட்டு. கோழி, மாடு, காற்றாலை, வேலியோரம் சூரியகாந்தி என்று பள்ளி விடுமுறை முழுக்கக் குந்தியிருந்து கட்டியது. விரலைப் பழக்க இதைவிட நல்ல இடம் ஏது? நானே அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்ததால் திரை முதலில் அவரை மதிக்கவே இல்லை.

“என்னா பாப்பா, இது என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குது?”

“நம்ம மேனேஜர் மாதிரி போல” என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. “பகல்ல தோட்டம், வந்தா போன்லயும் தோட்டமா? அங்கயாச்சும் போனஸ் குடுப்பாங்களான்னு கேட்டு வைங்க.”

ஆனால் அப்பா பிடித்துக்கொண்டார். திரையில் எல்லாம் ஆங்கிலம். அவருக்கு அது படிக்க வராது; அதனால் நிறத்தைப் படித்தார். தக்காளி காயாக இருக்கும்வரை வலது கீழ் மூலையில் இருக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கும். பழுத்ததும் செக்கச்செவேலென்று துடிக்கும். தொட்டால் அறுவடை.

“அட, நம்ம குலைதான் இது! கறுத்திருந்தா கிட்டப் போகாத, செவந்தா வெட்டு” என்று சிரித்தார். காயை வெட்டினால் ஆபீசில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதால், அந்தக் கண் அவருக்கு எத்தனையோ வருஷமாகப் பழகியிருந்தது. சில நாளில் என்னைவிட வேகமாக அறுத்துத் தள்ளினார். கிராணியிடம் ‘போலே’, முடியும் என்று தலையாட்டிவிட்டும் வந்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் தனியாக விளையாடியிருக்கிறார். களஞ்சியம் நிறைந்துவிட்டது. அறுத்ததை ஆலைக்கு அனுப்ப வேண்டாமா? தேடியிருக்கிறார். திரையின் மேல் ஓரத்தில் ஒரு பல்சக்கரம் தெரிந்தது. ஆலை என்றால் சக்கரம் இருக்கும்தானே, தொட்டார். ஏதேதோ எழுத்துகள் வந்தன, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கடைசியாக ஒரு பெட்டி. அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்று மங்கலாக, மற்றது செக்கச்செவேலென்று, அதே வலது கீழ் மூலையில்.

நான் ஈரத்தலையோடு வந்து பார்த்தபோது வெறும் புல்வெளி இருந்தது. ஒரு கோழி கூட இல்லை. பண்ணையைப் புதிதாகத் தொடங்கவா என்று விளையாட்டு உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. லயமே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

“செவந்துதானே இருந்துச்சு?” என்று அப்பா டேப்லெட்டைப் பார்த்துக் கேட்டார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய், தனக்கு மண்டோர் வேலை சரிப்படாது, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா கத்தித் தீர்த்துவிட்டார். “வெளையாட்டுல போனதுக்கா பயப்படுறீங்க? தோளு என்னா ஆகும்?”

“புள்ள கட்டி வச்சது ஒரு அமுக்குல ஹபிஸ், ஒண்ணும் மிச்சமில்ல. அங்க இருக்கறது அத்தன பேரு ஒழைப்பு. அதையும் அழிச்சிட்டு நின்னேன்னா?”

இப்போது நான் பினாங்கில் படிப்பது இதைத்தான்: திரையில் எந்தப் பொத்தான் எங்கே, என்ன நிறத்தில் இருந்தால் ஆட்டக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை. முதல் பருவத்திலேயே சொல்லிவிட்டார்கள். யாரும் ஒவ்வொரு முறையும் யோசித்து அழுத்துவதில்லை, பழகிய விரல்தான் முடிவெடுக்கிறது. ஆகவே அறுக்கும் பொத்தான் இருந்த இடத்தில், அதே நிறத்தில், அழிக்கும் பொத்தானை வைக்கவே கூடாது. வகுப்பில் எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. வெளியே ஓடிவந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். “அது உங்க தப்பே இல்லப்பா! அத வரைஞ்சவன் தப்பு! நீங்க சரியாத்தான் அமுக்குனீங்க!” மூச்சுவிடாமல் விளக்கினேன். “அப்படியா பாப்பா? சரி, சாப்ட்டியா?” என்றார். அந்த வலது கையைத் தூக்கி இப்போது அவரால் தலை சீவ முடியாது. சட்டை மாட்டக்கூட அம்மா வேண்டும்.

அப்பா ஆபீசிலிருந்து திரும்பிய அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், நான் பண்ணையைத் திரும்பவும் கட்ட ஆரம்பித்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டிருந்தார். முதல் தக்காளி பழுத்தது.

“தொடுங்கப்பா” என்றேன்.

“நீயே தொடு. நான் பாக்குறேன்.”

அடுத்ததுக்கும் அப்படியே சொன்னார், அதற்கடுத்ததுக்கும். அழுத பிள்ளைக்காக அப்பா தன் முறையையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.