கறுப்புக் கட்டங்களுக்கு எடுத்த பாடம்

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த சமயம். நெமிலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி நான் ஆம்பூருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பேன். பிள்ளைகளின் முகம் மனதில் பதிவதற்குள் பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். அப்பா அம்மா இல்லை, எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார். மாடியில் நானும் ஒரு மின்விசிறியும்தான்.

வகுப்பை செல்போனில் எடுக்கச் சொன்னார்கள். ஜன்னலுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே மேஜையில் தண்ணீர் பாட்டில் மேல் போனைச் சாய்த்துவைத்துப் பேசுவேன். திரையில் பிள்ளைகள் தெரிய மாட்டார்கள். வெறும் கறுப்புக் கட்டங்கள். டேட்டா தீர்ந்துவிடும் என்று யாரும் வீடியோ போடுவதில்லை. மைக்கும் அணைந்தே இருக்கும். "கேக்குதா?" என்பேன். பதில் வராது. "புரிஞ்சுதா?" அதற்கும் வராது. சரி, புரிந்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போவேன்.

மற்ற ஆசிரியர்கள் யாரோ எடுத்த பாட வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். "எல்லாம் ஜாயின் பண்ணிட்டு தூங்குதுங்க. நீ யாருக்குக் கத்திக்கினு இருக்க?" என்று கூட வேலை பார்க்கும் தோழி கேட்டாள். அவள் சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் அந்த வகுப்பையும் விட்டுவிட்டால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவே வேலை இருக்காது. அதனால் தலை வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால் போய் உட்காருவேன். வகுப்பு முடிந்ததும் கட்டங்கள் பொசுக்கென்று மறைந்துவிடும்.

ஒரு வாரம் காய்ச்சல் வந்து வந்து போனது. மாத்திரை போட்டுக்கொண்டு, சமைக்கத் தெம்பில்லாமல் டீயும் பிஸ்கெட்டுமாக ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யார் இருந்தார்கள்? அன்றைக்கு இதயம் பற்றிய பாடம். மனித இதயத்தில் நான்கு அறைகள் என்று ஆரம்பித்து, மேலே உள்ள இரண்டைச் சொல்லி முடித்தேன். படத்தைக் காட்டலாம் என்று எழுந்தேன். கண் இருட்டியது. மேஜையைப் பிடிக்கப் போனது ஞாபகம் இருக்கிறது, பிடித்தது ஞாபகம் இல்லை.

தரையில் கிடந்தேன். கையைக்கூட நகர்த்த முடியவில்லை. நான் செத்தாலும் கட்டங்கள் நேரமானதும் மறையும், அவ்வளவுதான் என்று தோன்றியது. அழுகைதான் வந்தது. அப்போது மேஜை மேலிருந்து திடீரென்று குக்கர் விசில் கேட்டது. ஏதோ ஒரு வீட்டில் மைக்கைத் திறந்திருக்கிறார்கள்.

"டீச்சர், டீச்சர்... ஏய், டீச்சர் வுழுந்துட்டாங்கடி."

சிறுமியின் குரல் இல்லை அது. அதற்குப் பின்னால் இன்னும் பல பெண்களின் குரல்கள், பாதி உருது, பாதி தமிழ். "அந்த டேங்கு வூடுதான், ஓடு," என்று யாரோ சொன்னது வரை காதில் விழுந்தது.

வெளிக்கதவை நான் தாழிட்டிருக்கவில்லை. முந்தானையாலும் துப்பட்டாவாலும் முகத்தை மூடிக்கொண்டு மூன்று பெண்கள் மேலே ஏறி வந்தார்கள். கிட்ட வராதீங்க, எனக்கு ஜுரம் என்று முனகினேன். முன்னால் வந்தவர் காதிலேயே வாங்கவில்லை. "ஜுரத்த வெச்சிக்கினு தனியா கெடந்தா சரியாய்டுமா?" என்று அதட்டியபடி என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் எல்லோரையும் பார்த்து ஒதுங்கிய காலம் அது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லோரும் பயந்த நோய் இல்லை, ஆனால் உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அதட்டியவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா என்று அங்கேதான் தெரிந்தது. ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்பார்கள், கம்பெனியிலிருந்து வாங்கிவந்து வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. அக்கம்பக்கத்துப் பெண்களும் அந்த வீட்டில்தான் கூடித் தைப்பார்கள். நடுவில் அப்பர் குவியல் மேல் போனை நிறுத்திவைத்து, மாணவியோடு சேர்ந்து எல்லோரும் தினமும் என் பாடத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

"ஒரு நாளாவது பேசியிருக்கலாமே," என்றேன்.

"பெரியவங்க நாங்க குந்திக்கினு கேக்கறது தெரிஞ்சா திட்டுவீங்களோன்னு பயம். எங்க வூட்ல சத்தமும் ஜாஸ்தி. உங்களுக்குப் பேஜாரா இருக்குமேன்னு மைக்கத் தொறக்கவே வுடல." என் ஜன்னலுக்குப் பின்னால் தெரிந்த தண்ணீர் டேங்கைப் பார்த்து, நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று அவர்களுக்குள் எப்போதோ பேசி முடிவு செய்துவிட்டார்களாம். நான் ஒருத்தியாக இருந்து பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்த தெருவில் ஒரு வீடு நிறைய ஆட்கள் என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது அவர் தயங்கி நின்றார். "டீச்சர், இதயத்துக்கு நாலு அறைன்னீங்க. ரெண்டுதான சொன்னீங்க, மீதி ரெண்டு?" கையில் ஊசி குத்தியிருக்க, படுத்துக்கொண்டே கீழறைகள் இரண்டையும் சொல்லி முடித்தேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

பிறகு பள்ளி திறந்தது. பிள்ளைகளுக்கும் எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். குவியல் இருந்தது, தைக்கும் பெண்கள் இருந்தார்கள், நடுவில் போன் இல்லை. "பசங்களுக்கு ஸ்கூலு தொறந்துட்டாங்க. எங்களுக்குத்தான் டீச்சர் கிளாஸ் இல்ல," என்று சிரித்துக்கொண்டே சொன்னார் மாணவியின் அம்மா. மற்றவர்கள் தலை நிமிராமல் தைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வகுப்பில் பெரிய ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. அதில் இதயம் துடிப்பதே தெரியும். "கேக்குதா?" என்றால் பிள்ளைகள் கூரை அதிரக் கத்துகிறார்கள். மாலையில் மாடிக்குத் திரும்பினால் அதே மின்விசிறிதான். ஆனால் பதில் வராத இடத்தில் ஆளே இல்லை என்று மட்டும் நான் இப்போது முடிவு செய்வதில்லை. பாடம் எடுக்கும்போது கடைசி வரிசைக்கும் அப்பால், அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்படி குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பேசுகிறேன்.