ஏழாம் மாடிப் பூவம்மா

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாணிக்கம் நான் இல்லை. கோயிலிலும் தேக்கா மார்க்கெட்டிலும் பாதிப் பேர் இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாணிக்கம் என்பவன் என் மனைவி அல்போன்சம்மாள் வரைந்த படக்கதையில் வருகிற புருஷன். பனியனோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரேடியோ கேட்பான். நான் ஷிப்யார்டில் வெல்டர், எனக்கு ரேடியோ கேட்க நேரம் ஏது? பனியன் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அல்போன்சம்மாளுக்கு ராபின்சன் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. சனிக்கிழமை அரை நாள். மதியம் நேராகக் கோயிலுக்கு வந்து, ஞாயிறு பூசைக்கான அறிவிப்புத் தாளை மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து, படியெடுக்கிற மெஷினில் ஓட்டிக் கொடுப்பாள். சம்பளமில்லாத ஊழியம். எழுபத்தேழில் ஒரு சனிக்கிழமை, டைப் அடித்ததில் பிழை வந்து ஒரு ஸ்டென்சில் பாழாகிவிட்டது. அதன் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. தூக்கிப் போட மனசு வராமல், ஊசிப் பேனாவால் அதில் ஒரு பெண்ணைக் கீறினாள். இரண்டு கையிலும் மார்க்கெட் பை, எதிரே லிஃப்டுக் கதவு. யார் இது என்று கேட்டேன். பூவம்மா, ஏழாம் மாடி என்றாள். ரொம்ப நாள் பழகியவளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

எங்கள் தோ பாயோ பிளாக்கில் அப்போது லிஃப்டு எல்லா மாடியிலும் நிற்காது. கீழே விட்டால் ஐந்து, ஐந்தை விட்டால் ஒன்பது. நாங்கள் ஐந்தாம் மாடி, கொடுத்து வைத்தவர்கள். ஏழாம் மாடிக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், இல்லை ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்கலாம். எது நல்லது என்கிற இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு என் மனைவி ஒரு வருஷம் படக்கதை ஓட்டினாள். ஒன்பதுக்குப் போய் இறங்கி வருவதுதான் புத்திசாலித்தனம் என்பது மாணிக்கத்தின் கட்சி. பையைத் தூக்கிக்கொண்டு அவன் ஒரு நாளும் வந்ததில்லை.

வரைவதை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவின் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் புத்தகத்தை முட்டுக்கொடுத்து, அடியில் மேஜை விளக்கை வைத்தாள். வெளிச்சம் தெரிகிற அந்தக் கண்ணாடியின் மேல் ஸ்டென்சிலைப் போட்டுக் கீறுவாள். கை தவறினால் நகப்பூச்சு மாதிரி ஒரு சிவப்பு மருந்தைத் தடவி, காய்ந்ததும் மறுபடி கீற வேண்டும். ஸ்டென்சில் பொல்லாத தாள். கறுப்பாக நிரப்பினால் கிழிந்துவிடும். அதனால் அவள் கதையில் யாருக்குமே கறுப்பு முடி கிடையாது. பூவம்மாவின் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக்கூட வெள்ளை முடிதான். ஏன் எல்லாரும் கிழடாக இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, அடுத்த வாரமே பதில் போட்டாள். இத்தனை படி ஏறினால் உங்களுக்கும் நரைக்கும் என்று பூவம்மா சொல்வதாக ஒரு கட்டம்.

விரல்களெல்லாம் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருக்கிறதே என்று நான் ஒரு நாள் வாய்விட்டுவிட்டேன். கொஞ்சமும் வாடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எல்லார் கையிலும் ஒரு பையைக் கொடுத்து விரலை மறைத்துவிட்டாள். பத்திரிகைக்கு அனுப்பேன் என்று ஆபீசில் சொன்னார்களாம். அவர்கள் சின்னதாக்கு, பெரிதாக்கு என்பார்கள், என் பூவம்மா என் இஷ்டத்துக்குத்தான் ஏறுவாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த மாதிரி நேரங்களில் அவளைப் பார்க்க எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கும்.

பங்குச்சாமியார் ஃபாதர் அலெக்சாண்டர் யாருக்கும் வலிக்காமல் பேசுகிறவர். மெஷினை உபயோகித்துக்கொள்ளம்மா, ஆனால் நல்ல தாளை எடுக்காதே என்றார். அதனால் ஒரு பக்கம் அச்சுப் பிசகிய கழிவுத் தாள்களின் பின்பக்கத்தில்தான் பூவம்மா வருவாள். முன்பக்கம் திருப்பினால் பாதி அழிந்த பூசை நேரம் இருக்கும். பூசை முடிந்ததும் வாசலில் நின்று கொடுப்போம். ஒரு கட்டு, தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த ஒலி முகம்மது பாயிடம் போகும். அவர் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுவார். அளவு கொடுக்க வருகிறவர்கள் அதன் கீழே பென்சிலால் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிவிட்டுப் போவார்கள். மாணிக்கத்துக்குக் கன்னத்தில் ஒரு அறை கொடுக்கணும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதியிருப்பார்கள். அல்போன்சம்மாள் ஒன்று விடாமல் படிப்பாள், ஒன்றையும் கேட்கமாட்டாள்.

எழுபத்தொன்பது தவக்காலத்தில்தான் வந்தது வினை.

அந்த வாரக் கதையில் லிஃப்டு பழுது. பூவம்மா அரிசி மூட்டையோடு கீழேயிருந்து நடந்தே ஏறுகிறாள். வழியில் மூட்டையோடு சறுக்கி உட்கார்ந்துவிடுகிறாள், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. இரண்டாம் மாடியில் அவளைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிற அவள் அம்மா எதிரே வந்து கண் கலங்குகிறாள். வழியோடு போன தபால்காரரைப் பிடித்து மூட்டையின் ஒரு முனையைத் தூக்க வைக்கிறார்கள். நாலாம் மாடிச் சீனத்து அம்மா துண்டால் பூவம்மாவின் முகத்தைத் துடைத்துவிடுகிறாள். ஏழாம் மாடியில் மாணிக்கம் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறான். கடைசிக் கட்டத்தில் பூவம்மா ஆறாம் மாடித் திருப்பத்தில் மூட்டைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழே, தொடரும்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும். ஆண்டவர் சிலுவை சுமந்த பதினான்கு தலங்களின் சுவர்ப் படங்களையும் சுற்றி வந்து முட்டி போட்டு ஜெபிப்போம். அதற்கான ஜெபத்தாளை முந்தின நாளே புதிதாக அடித்துக் காயவைத்திருந்தார்கள். மழைச்சாரல் அடிக்கவே, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை அந்தக் கட்டைத் தூக்கிக் கழிவுத் தாள் வைக்கிற மூலையில் வைத்துவிட்டார், எழுத்துப் பக்கம் கீழே பார்க்கும்படி. அந்த வாரம் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் வியாழக்கிழமையே வேலை முடிந்து வந்த அல்போன்சம்மாள், கழிவுத் தாள்தானே என்று முழுக் கட்டையும் மெஷினில் கொடுத்து, அத்தனையின் முதுகிலும் பூவம்மாவை ஏற்றிவிட்டாள். காயட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கும் வந்துவிட்டாள்.

வெள்ளி மாலை எல்லார் கையிலும் அந்தத் தாள்தான். முன்னால் நின்று வாசித்தவர் தங்கராஜு அண்ணன். பங்குக் குழுத் தலைவர், ரொம்ப ஒழுங்கு. ஆண்டவர் முதல் தடவை கீழே விழுகிறார் என்று வாசித்தார். எல்லாரும் முட்டி போட்டோம். எனக்கு முன்வரிசையில் யாரோ தாளைத் திருப்பினார்கள். ஒரு சிரிப்பு. பிறகு தாள் திரும்புகிற சத்தம் வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. தாயைச் சந்திக்கிறார் என்றதும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒரு பெண் ஆண்டவர் முகத்தைத் துடைக்கிற இடத்துக்கு வந்தபோது பாடகர் வரிசையிலேயே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். தங்கராஜு அண்ணன் தன் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் குரலை உயர்த்தி மிச்சத்தையும் வாசித்து முடித்தார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு ஃபாதர் அறையில் விசாரணை. தங்கராஜு அண்ணன் தாளைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். ஆண்டவர் மூன்று தடவை விழுகிறார், இவளும் மூன்று தடவை விழுகிறாள். அங்கே தாய், இங்கே தாய். அங்கே சிலுவை தூக்கச் சீமோன், இங்கே மூட்டை தூக்கத் தபால்காரர். இது பரிகாசம் இல்லையென்றால் வேறென்ன என்று கேட்டார். அல்போன்சம்மாள் தாளை வாங்கி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிகிறது என்பது எனக்குப் புரிந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து வருஷா வருஷம் அந்தச் சுவர்ப் படங்களைச் சுற்றி வந்தவள். சுமையோடு ஏறுகிற ஒருத்தியை வரை என்றால் கை தானாக அங்கேதான் போகும். அதை நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தாளை மாத்தி எடுத்தது என் தப்பு ஃபாதர், எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். படத்தை வேணும்னு அப்படிப் போடல. ஆனா பார்த்தப்புறமும் அது தப்புன்னு எனக்குத் தோணல. மூட்டை தூக்கிட்டு ஏறுற பொம்பளைய வேற எப்படி வரையறதுன்னு எனக்குத் தெரியாது."

ஃபாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மனசு நொந்தவர் தங்கராஜு, அதனால் அவர் சரி என்று சொல்கிறவரை பூவம்மாவை மெஷினில் ஓட்ட வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். தங்கராஜு அண்ணன் சொல்வதாக இல்லை. இவளும் கேட்பதாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அல்போன்சம்மாள் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கல்யாணப் போட்டோவில் திரும்ப மாட்டினாள். இரண்டு வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் தூசி படிந்து தொங்கிய போட்டோ அது. கண்ணாடியைத் தரமாட்டேன் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாள். ஒலி முகம்மது பாய் என்னை நிறுத்தி, பூவம்மா ஆறாம் மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறாளே, மேலே போனாளா இல்லையா என்று கேட்டார். சுவரில் ஆட்கள் எழுதியிருந்ததும் அதையேதான். உன் ஆபீசிலேயே ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளேன் என்றேன். கோயில் கதையைக் கோயிலுக்குத் தெரியாமல் போட அவள் என்ன திருடியா என்று என்மேல் பாய்ந்தாள். தங்கராஜு அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளேன் என்றேன். அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள். சனிக்கிழமை வழக்கம்போலக் கோயிலுக்குப் போய் அறிவிப்புத் தாளை அடித்துக் கொடுத்துவிட்டு, உடனே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் தங்கராஜு அண்ணன். உட்காரச் சொன்னோம், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"அந்த பூவம்மா வீடு போய்ச் சேருவாளா?" என்று கேட்டார்.

அல்போன்சம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்ததை உடனே மறைத்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணன் கேக்கறீங்க?"

அவர் தாளையே பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க பிளாக்குல நாங்களும் லிஃப்டு நிக்காத ஏழாம் மாடிதான்மா. எங்க வீட்டுக்காரி அந்தோனியம்மாளுக்கு மூட்டு போயிருச்சு. போன கிறிஸ்மஸ் பூசைக்கு வந்தவதான், அப்புறம் கீழ இறங்கவே இல்ல. இந்தத் தாளை எடுத்து ஒளிச்சு வச்சேன், கண்டுபிடிச்சுட்டா. இது நான்தாங்கறா. கையைவிட்டு வைக்க மாட்டேங்கறா. தெனம் நான் வேலையிலேர்ந்து வந்ததும் இதே கேள்விதான். போய்க் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிட்டா."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தோனியம்மாள் அக்கா தன் மகன் வீட்டில் இருப்பதாக நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தங்கராஜு அண்ணனும் யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை. அல்போன்சம்மாளின் கண் நிறைந்துவிட்டது. சரி, கதையை இப்போது சொல்லி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். என் மனைவியைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"சேருவா அண்ணன்," என்றாள். "எப்படின்னு வாயால சொன்னா நல்லாருக்காது லா. அக்கா பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். தாள் வரட்டும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மெஷின் யார் கையில் இருக்கிறது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஸ்டென்சில வெட்டும்மா. ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேன்."

நான் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கப் போய்விட்டேன். வாசல் வரை போனவர் அங்கேயே நின்றார். செருப்பை மாட்டினார், ஆனால் போகவில்லை. முதுகைக் காட்டியபடியே அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அந்த மாணிக்கத்தை மட்டும் கொஞ்சம் கீழ இறங்கி வர வைம்மா. பொண்டாட்டி அங்க ஒத்தையா உக்காந்திருக்கா. அவன் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கான்."

சனிக்கிழமை மெஷின் ஓடியபோது தங்கராஜு அண்ணன் பக்கத்திலேயே நின்றார். முதல் தாளை அவரே எடுத்துக்கொண்டார். மை காயட்டும், ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னோம். காதில் வாங்காமல் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் போய்விட்டார்.